ரேயான் துணி எடுக்கப் போகிறீர்களா?

ஜவுளிக் கடையில் எத்தனையோ துணிகள் அடுக்கியிருந்தாலும் சில துணிகளிடம் கை தானாகப் போய் நிற்கும். வழவழவென்றிருக்கும். தொட்டால் ஜில்லென்றிருக்கும். தூக்கிப் பிடித்தால் தண்ணீர் மாதிரி வழிந்து விழும். விலையும் கையைக் கடிக்காது. "இது என்ன துணிப்பா, காட்டனா?" என்று கேட்டால், கடைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்: "ரேயான்க்கா. காட்டன் மாதிரியேதான்."

அந்த "மாதிரி"யில்தான் விஷயமே இருக்கிறது. உடுத்திக்கொள்ள அது காட்டன் மாதிரிதான். துவைக்க, தைக்க, பீரோவில் வைக்க, அது காட்டன் இல்லை.

இன்று குர்த்தி, நைட்டி, பலாஸோ, துப்பட்டா, குழந்தைகளின் கவுன் என்று வீட்டில் பாதித் துணி இந்த ரேயானாகத்தான் இருக்கிறது. சிலவற்றின் உள்பக்க லேபிளில் "விஸ்கோஸ்" என்று போட்டிருக்கும். நம் கடைகளில் ரேயான் என்று விற்பதும் அந்த விஸ்கோஸும் ஒன்றுதான். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எனக்கு இந்தத் துணியோடு பழக்கம் அதிகம். நாங்கள் இருப்பது ஈரோடு. வீரப்பன்சத்திரம், சித்தோடு, லக்காபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம்தான் கேட்கும். அந்தத் தறிகளில் பெரும்பாலும் ஓடுவது ரேயான்தான். இங்கே நெய்த காடா துணி மூட்டை மூட்டையாக வடக்கே போய், சாயமும் பூவும் ஏறி, குர்த்தியாகத் திரும்பி நம் ஊர்க் கடைக்கே வருகிறது. நான் வீட்டில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்கிறவள். ஆகையால் இது நெய்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன், கிழிந்து தைக்க வருவதையும் பார்த்திருக்கிறேன்.

மரத்திலிருந்து வருகிற நூல்

ரேயானைச் சிலர் நைலான், பாலியெஸ்டரோடு சேர்த்து "பிளாஸ்டிக் துணி" என்கிறார்கள். அது சரியில்லை. பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. ரேயான் மரத்திலிருந்து வருகிறது. பருத்திப் பஞ்சு எதனால் ஆனதோ அதே செல்லுலோஸ்தான் மரத்திலும் இருக்கிறது. ஆனால் மரத்தை நூற்க முடியாதே! அதனால் அதைக் கரைத்து மறுபடி நூலாக்குகிறார்கள்.

நம் சமையலறை பாஷையில் சொல்கிறேன். யூகலிப்டஸ் போன்ற மரத்தைக் கூழாக்கி, அட்டை மாதிரி காய வைக்கிறார்கள். அந்த அட்டையைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து உதிர்க்கிறார்கள். அதோடு கார்பன் டைசல்ஃபைடு என்ற ரசாயனத்தைச் சேர்த்ததும் அது ஆரஞ்சு நிறத்தில் புட்டுமாவு மாதிரி ஆகிவிடுகிறது. அதை மறுபடி காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கரைத்தால் தேன் பதத்தில் ஒரு பாகு வருகிறது. இந்தப் பாகின் பிசுபிசுப்பால்தான் விஸ்கோஸ் என்ற பெயரே வந்தது. ஓமப்பொடி அச்சில் மாவைப் போட்டு எண்ணெயில் பிழிகிறோமல்லவா? அதே மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துளைகள் உள்ள அச்சு வழியாக இந்தப் பாகைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிகிறார்கள். எண்ணெயில் விழுந்ததும் ஓமப்பொடி இறுகுகிற மாதிரி, அமிலத்தில் விழுந்ததும் பாகு இழையாக இறுகிவிடுகிறது. அதே பாகைத் துளைக்குப் பதிலாக நீளமான கீற்று வழியாக விட்டால் வருவதுதான் செலஃபோன் என்ற கண்ணாடித் தாள். இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று பேர் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1905-ல் அந்த நாட்டின் கோவென்ட்ரி நகரில் கோர்ட்டால்ட்ஸ் கம்பெனி இதை வியாபாரத்துக்குத் தயாரிக்க ஆரம்பித்தது. அப்போது செயற்கைப் பட்டு என்றுதான் சொன்னார்கள்; நம் கடைகளின் "ஆர்ட் சில்க்" அந்தப் பெயர்தான். ரேயான் என்ற பெயர் 1924-ல் அமெரிக்காவில் வைத்தது. நம் நாட்டில் 1950-ல் கேரளத்தின் பெரும்பாவூரில் ஆலை ஓட ஆரம்பித்தது. அந்த இடத்துக்கு ரேயான்புரம் என்றே பெயர். 1954-ல் மத்தியப் பிரதேசத்து நாக்தாவில் இன்னொன்று வந்தது. சரித்திரம் போதும், துணிக்கு வருவோம்.

நனைந்தால் பாதி பலம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நனைந்தால் அதன் பலம் கொஞ்சம் கூடுகிறது. ரேயான் நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. காய்ந்ததும் பலம் திரும்பி வந்துவிடும். ஈரமாக இருக்கிற அந்த நேரம்தான் கண்டம்.

ஏன் இப்படி? பருத்தி இழைக்குள் இருக்கிற செல்லுலோஸ், இறுக்கப் பின்னிய ஜடை மாதிரி நீள நீளமாக ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. மரத்தைக் கரைத்து மறுபடி இழையாக்கும்போது அந்த நீளம் துண்டுபட்டுப் போகிறது. சேர்வதும் தளர முடிந்த கொண்டை மாதிரிதான் சேர்கிறது. அந்தத் தளர்ச்சியில் தண்ணீர் சுலபமாகப் புகுந்து, இழையை உப்பவைத்து, பிடிப்பை இன்னும் விடுவித்துவிடுகிறது.

நாம் துவைக்கிற விதத்தை இப்போது யோசித்துப் பாருங்கள். இரவே ஊறவைப்போம். கல்லில் அடிப்போம். பிரஷ் போட்டுத் தேய்ப்போம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவோம். உதறிக் கொடியில் போடுவோம். இதெல்லாம் நம் பாட்டி காலத்திலிருந்து பருத்திக்காக வந்த பழக்கம். ஈரத்தில் பலம் கூடுகிற துணிக்கு அது பொருந்தும். ஈரத்தில் பலம் போகிற துணிக்கு இந்த ஒவ்வொன்றும் எமன்.

எங்கள் எதிர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பெண்ணின் மகள் காலேஜுக்குப் போகிறாள். புதுக் குர்த்தி, மூன்றாவது துவையலிலேயே தோள்பக்கம் தையலை ஒட்டி நீளமாகக் கிழிந்துவிட்டது. துவைக்க வருகிற ஆயாவுக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். சம்பளத்தில் பிடிப்பேன் என்று இவள் நிற்க, அந்த ஆயா கண்ணில் தண்ணீரோடு, "பிரஷ்கூடப் போடலீங்க அம்மணி. எப்பவும் அடிக்கிற மாதிரி நாலு அடி அடிச்சுப் பிழிஞ்சேன், அவ்வளவுதானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. இவள் குர்த்தியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள், தைத்துத் தர முடியுமா என்று கேட்க.

நான் அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, "இத இழுத்துப் பாரு கண்ணு" என்றேன். இழுத்தாள். விரலில் சுற்றிக்கொண்டு நன்றாகவே இழுக்க வேண்டியிருந்தது. இன்னொரு நூலை எடுத்து நடுவில் மட்டும் தண்ணீரில் தொட்டுக் கொடுத்தேன். மெதுவாக இழுத்ததற்கே பட்டென்று போனது, அதுவும் நனைந்த இடத்திலேயே. பழைய காட்டன் ஜாக்கெட் நூலையும் அதே மாதிரி நனைத்துக் கொடுத்தேன். அது நனைந்த இடத்தில் அறவே இல்லை, வேறு இடத்தில்தான் அறுந்தது.

"அப்போ ஆயா மேல தப்பில்லையாக்கா?" என்று கேட்டாள். கடையில் விற்றவரும் சொல்லவில்லை, லேபிளில் இருந்ததை நாமும் பார்க்கவில்லை, கடைசியில் துவைத்தவர் தலையில் போடுகிறோமே என்றேன். சம்பளத்தில் பிடிக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் ரேயானுக்கென்று தனி வாளி இருக்கிறது. ஆயாவே பிரித்து வைத்துவிடுகிறது.

பல வீடுகளில் இந்தச் சண்டை நடக்கிறது. ஆகையால் சொல்கிறேன், வேலைக்கு வருகிறவர்களிடம் துணியைப் போடும்போதே இது ரேயான், அடிக்க வேண்டாம், முறுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துவைப்பது எப்படி?

பச்சைத் தண்ணீர் போதும். ஷாம்பு மாதிரியான மென்மையான திரவ சோப்பைத் தண்ணீரில் முதலில் கலக்கிவிட்டு, துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அழுத்தி அழுத்தி எடுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஊறுவது தேவையே இல்லை. காலர், கைமடிப்பு அழுக்கென்றால் அந்த இடத்தை மட்டும் உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்தால் போதும். பிளீச்சிங் பவுடர் கிட்டேயே வரக்கூடாது.

பிழிகிற இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். முறுக்காமல் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு காய்ந்த துவாலையில் விரித்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி அமுக்கினால் தண்ணீரைத் துவாலை குடித்துவிடும். ரேயான் தண்ணீரை நிறையக் குடிக்கும். ஈரத்தோடு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கனத்திலேயே நீண்டுவிடும். இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். பனியன் மாதிரிப் பின்னல் துணியென்றால் கொடியில் தொங்கவிடாமல் கட்டில் மேல் துவாலை போட்டு விரித்துக் காயவையுங்கள். மற்றதை நிழலில், கொடியில் பாதியாக மடித்துப் போடலாம். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும்.

வாஷிங் மெஷினில் போடக்கூடாதா என்று கேட்பீர்கள். வலைப் பையில் போட்டு, மென்மையான துணிக்கான ஓட்டத்தில், சுழற்சி வேகத்தைக் குறைத்து வைத்தால் போடலாம். ஜீன்ஸோடும், ஹூக் வைத்த உள்ளாடைகளோடும் சேர்த்து மட்டும் போடாதீர்கள்.

லேபிளில் தொட்டிக்குள் கை மாதிரி படம் இருந்தால் கையால் துவைக்கச் சொல்கிறார்கள். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. வட்டம் மட்டும் இருந்தால் டிரை கிளீனிங்.

சாயம் போகாமல் இருக்கக் கல்லுப்பு போட்டு ஊறவைக்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். சாயப் பட்டறையில் சாயத்தை நூலில் ஏற்ற உப்பு போடுகிறார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் வீட்டில் ஒரு பிடி உப்பு போட்டால் சரியாகக் கழுவாத சாயம் நிரந்தரமாக நின்றுவிடாது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத் துவைத்து, போகிற சாயத்தைப் போகவிடுவதுதான் வழி. வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்துத் துணியின் உள்மடிப்பில் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

தைக்கக் கொடுப்பதற்கு முன்

மீட்டர் துணியாக வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆலையில் சாயம் ஏற்றிக் காயவைக்கும்போது துணி ஈரத்தோடு இழுபட்டு நீண்டே வருகிறது. நம் வீட்டு வாளியில் விழுந்ததும் அந்த இழுப்பு விட்டு, சுருங்கித் தன் பழைய நிலைக்குப் போகப் பார்க்கும். மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். சிலது அதற்கு மேலும் போகும். இரண்டரை மீட்டர் துணியில் அரை அடிக்குக் கிட்ட போனால் குர்த்தி முழங்காலுக்கு மேல் ஏறாமல் என்ன செய்யும்?

கால் மீட்டர் கூடவே எடுங்கள். தைக்குமுன் பச்சைத் தண்ணீரில் அரை மணி போட்டு எடுத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுப் பிறகு வெட்டக் கொடுங்கள். லைனிங் துணியையும் அதே மாதிரி நனைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று சுருங்க ஒன்று சுருங்காமல் ஓரம் முழுவதும் சுருக்கம் விழும். நேரமில்லை என்று டைலர் சொன்னாலும் விடாதீர்கள். ரெடிமேடாக வாங்கினால் கச்சிதமாக இருப்பதை எடுக்காமல் கொஞ்சம் தொளதொளப்பாகவே எடுங்கள்.

வீட்டில் தைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துணி வெட்டின ஓரத்தில் பிரிபிரியாக வரும், கையில் வழுக்கும். மெல்லிய ஊசி போடுங்கள். தையலுக்கு உள்ளே விடுகிற துணியைக் காட்டனுக்கு விடுவதைவிடக் கூடுதலாக விட்டு ஓவர்லாக் அடித்துவிடுங்கள். அடியில் அகலமாக விரிகிற பாவாடை, கவுன் என்றால் தைத்த அன்றே அடி மடிக்க வேண்டாம். ஒரு ராத்திரி மாட்டித் தொங்கவிட்டு, இறங்குகிற இடம் இறங்கின பிறகு அளந்து மடித்தால்தான் சமமாக நிற்கும்.

இறுக்கமான ஜாக்கெட்டுக்கு ரேயான் வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வியர்வையும் ஈரம்தானே! அக்குள் பக்கம் நனைந்து பலம் குறைந்திருக்கும் நேரத்தில், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் தையலை ஒட்டிக் கிழியும். என்னிடம் ஒட்டுப் போட வருகிற ரேயான் துணிகளில் பாதி அக்குளில் கிழிந்ததுதான். தொளதொளவென்ற நைட்டி, சுடிதார், இரவு உடை, இவற்றுக்கெல்லாம் அது அருமையான துணி.

உடம்புக்கு இதமானது என்பதில் சந்தேகமில்லை. சாதாரணக் காற்றில் நூறு கிராம் பருத்தி ஏழெட்டு கிராம் ஈரத்தை வைத்திருக்கும். ரேயான் பதினொன்று முதல் பதின்மூன்று கிராம் வரை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வைத்திருக்காது. அதனால்தான் வெயில் காலத்தில் ரேயான் உடம்பில் ஒட்டிப் புழுங்காமல் ஜில்லென்றிருக்கிறது. சானிட்டரி நாப்கின், ஈரத் துடைப்பான் இவற்றிலும் இந்த இழையைச் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரேயடியாக வியர்த்துக் கொட்டுகிற கடற்கரை ஊர்களில் முழுக்க நனைந்துவிட்டால் காய நேரமாகும், உடம்போடு தொங்கும்.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு: மேல்சட்டை ரேயானில் இருக்கலாம். தினம் நாலு தடவை துவைத்து, வெந்நீரில் போட்டெடுக்கிற லங்கோடு, துண்டு இவற்றுக்குப் பழைய காட்டன் வேட்டிக்கு ஈடு கிடையாது. "மூங்கில் துணி, கிருமி அண்டாது" என்று கூடுதல் விலைக்குக் குழந்தைப் போர்வை விற்கிறார்கள். அதில் பெரும்பாலானது மூங்கிலைக் கூழாக்கி இதே முறையில் செய்த விஸ்கோஸ்தான். அத்தனை ரசாயனத்தில் கரைந்து வந்த பிறகு மூங்கிலின் குணம் எங்கே மிஞ்சும்? அமெரிக்காவில் அரசின் வர்த்தக ஆணையம் 2009-லேயே இப்படி விளம்பரம் செய்த கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. துணி மெத்தென்றிருப்பது நிஜம். அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

பட்டு என்று சொன்னால்

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் கிண்ணத்துக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம். ரேயான் காகிதம் மாதிரி சடசடவென எரியும், காகிதம் கருகின வாசனை வரும், தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். பருத்தியும் கிட்டத்தட்ட அப்படியே எரிவதால் இரண்டையும் பிரித்தறிய முன்பு சொன்ன ஈர நூல் சோதனைதான் சரி. பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். அசல் பட்டு மெதுவாகப் பொசுங்கித் தானே அணையப் பார்க்கும். தலைமுடி கருகின நாற்றம் வரும்.

இது எதற்கென்றால், ஆர்ட் சில்க் சேலையைப் பட்டென்று சொல்லிப் பட்டு விலைக்குத் தள்ளிவிடுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது. மத்தியப் பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்ட் சில்க்கை ஆர்ட் சில்க் விலைக்கு வாங்கினால் அது ஒன்றும் மட்டமில்லை. ஆரி வேலை, எம்பிராய்டரி நூல்களில் பளபளக்கிறது பல சமயம் இந்த ரேயான்தான்.

அடுப்படியில் ஜாக்கிரதை

காகிதம் மாதிரி எரியும் என்றேனே, அதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மெல்லிசான, தொளதொளத்த ரேயான் கை, துப்பட்டா, அகலமான நைட்டி இவையெல்லாம் தீயைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மெல்லிய பருத்தியும் அப்படித்தான். பாலியெஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எதுவும் சாது இல்லை.

அமெரிக்காவில் 1940-களில் ரேயானைச் சீவிப் பஞ்சு பஞ்சாகத் தூக்கிவிட்டுச் செய்த குழந்தைகளின் விளையாட்டு உடைகளும், அதன் பிறகு அதே மாதிரித் துணியில் வந்த ஸ்வெட்டர்களும் ஒரு பொறியில் குப்பென்று பற்றிக்கொண்டு, குழந்தைகள் உள்படப் பலர் தீக்காயம் பட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1953-ல் எளிதில் தீப்பிடிக்கும் துணிகளுக்கென்று அங்கே தனிச் சட்டமே வந்தது. மேற்பரப்பில் பூனைமயிர் மாதிரிப் பஞ்சு தூக்கி நிற்கிற துணியைக் குழந்தைக்கு வாங்கும்போது இது நினைவிருக்கட்டும்.

சமைக்கும்போது கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். பின் பர்னரில் இருப்பதை எடுக்க முன் பர்னரின் மேல் கையை நீட்டாதீர்கள். கார்த்திகை விளக்கு ஏற்றும்போதும், தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போதும் குழந்தைகளுக்குப் புது கவுனை மாற்றிவிட்டு, உடம்பை ஒட்டின தடித்த காட்டன் போடுங்கள். போட்டோ எடுத்த பிறகு மாற்றலாமே! தப்பித் தவறித் துணியில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. படுத்துத் தரையில் உருள வேண்டும். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட்டபடியே இருங்கள். இங்க், பற்பசை, மாவு எதுவும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செய்கிறவர்களின் பாடு

நாம் உடுத்துகிற ரேயான் துணியால் நமக்குக் கெடுதல் இல்லை; ரசாயனமெல்லாம் கழுவப்பட்டு, மிஞ்சுவது வெறும் செல்லுலோஸ்தான். ஆனால் அதைச் செய்கிறவர்கள் கதை வேறு. கார்பன் டைசல்ஃபைடு ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு தளர்ந்துவிடும், ஞாபகம் குறையும், புத்தி பேதலிக்கக்கூடும், இருதயத்தையும் பாதிக்கும். ரப்பர்த் தொழிலில் இதே ரசாயனத்தால் இப்படி வந்ததை ஐரோப்பிய வைத்தியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்கள். அப்படியும் ரேயான் ஆலைகளில் பல பத்தாண்டுகள் தொழிலாளர்கள் அதையே சுவாசித்தார்கள்.

நமக்குக் கிட்டேயும் ஓர் உதாரணம் உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில், பவானிக் கரையில் பெரிய விஸ்கோஸ் ஆலை ஒன்று பல பத்தாண்டுகள் ஓடியது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதில் சம்பளம் வந்தது. கழிவால் ஆறு கெடுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று மக்கள் எதிர்த்ததும் அதே ஆலையைத்தான். இப்போது அது மூடிக் கிடக்கிறது. இன்று சிறுமுகை என்றால் கைத்தறி மென்பட்டுச் சேலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இப்போது நல்ல ஆலைகளில் அந்த ஆவியைப் பிடித்துத் திரும்ப உபயோகிக்கிறார்கள். லையோசெல் என்று இன்னொரு வகை வருகிறது. டென்செல் என்று லேபிளில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். அதற்குக் கார்பன் டைசல்ஃபைடு தேவையில்லை. மரக்கூழைக் கரைக்கிற திரவத்தையே திரும்பத் திரும்ப வடிகட்டி உபயோகிக்கிறார்கள். மோடால் என்பது பீச் என்ற மரத்திலிருந்து வருகிற ரேயான் வகை. இரண்டுமே சாதாரண ரேயானைவிட ஈரத்தில் பலமாக நிற்கும், விலை கூடுதல். உள்ளாடை, பனியன் மாதிரி அடிக்கடி துவைக்கிறவற்றுக்கு அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம்.

இஸ்திரியும் பீரோவும்

ரேயான் கசங்குவதில் காட்டனுக்கு அண்ணன். கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போதே, உள்பக்கத்தைத் திருப்பி, நடுத்தரச் சூட்டில் இஸ்திரி போட்டால் படியும். பெட்டியில் இரண்டு புள்ளி போட்ட சூடு சரி. வெளிப்பக்கம் நேராகப் போட்டால் மடிப்புகளில் ஒரு பளபளப்பு விழும், அது போகாது. தெருவில் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிறவரிடம் கொடுத்தால் மேலே ஒரு காட்டன் துணி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். துவைத்துச் சுருங்கின துணியை ஈரப்பதத்தில் நீளவாட்டில் மெதுவாக இழுத்து இழுத்து இஸ்திரி போட்டால் கொஞ்சம் நீளம் திரும்பும்.

கஞ்சி வேண்டாம். ரேயான் மரத்திலிருந்து வந்ததால் ராமபாணப் பூச்சிக்கு அது ஆகாரம். கஞ்சியும் சேர்ந்தால் விருந்துதான். நன்றாகக் காய்ந்த பிறகே பீரோவில் வையுங்கள், ஈரம் இருந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். பின்னல் துணியை ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள்.

பழசான ரேயானை வீடு துடைக்கப் போடாதீர்கள், இரண்டு நாளில் நாராகிவிடும். காய்ந்தபடியே தூசி தட்ட, மிக்ஸிக்கு உறை தைக்க, ரஜாய்க்குள் வைத்துத் தைக்க நன்றாக உபயோகப்படும். பூப்போட்ட நைட்டி ஒன்றிலிருந்து என் மெஷினுக்கு உறை தைத்தேன். நாலு வருஷமாக அப்படியே இருக்கிறது.